அட்டவணையில் செய்ய முடியாத கட்டங்கள்

பரிசோதனை வடிவமைப்பைப் படிப்பிக்கும் புத்தகங்களில் அட்டவணைகள் எப்போதும் நிறைந்தே இருக்கும். நீர் இரண்டு மட்டம், பசளை இரண்டு மட்டம், இனம் இரண்டு மட்டம். பெருக்கினால் எட்டுச் சேர்க்கைகள், எட்டுக்கும் ஒவ்வொரு பாத்தி. யாழ்ப்பாணத்தில் கோண்டாவிலிலோ உரும்பிராயிலோ ஒரு வெங்காயத் தோட்டத்துக்குள் அந்த அட்டவணையைக் கொண்டுபோனால், தோட்டக்காரர் அதை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "தம்பி, இதில ரெண்டு செய்யேலாது" என்று சொல்வதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அதன்பிறகு வழமையாக நடப்பது, அந்த இரண்டு வரிகளையும் பென்சிலால் வெட்டிவிட்டு மிச்சத்தைச் செய்து, வந்த எண்களைக் கணினியில் போடுவதுதான். மென்பொருளும் ஏதோ ஒரு விடையைத் தரும். அறிக்கையும் எழுதப்பட்டுவிடும். இந்த வெட்டுதல் சின்ன விஷயமாகத் தெரிந்தாலும், பரிசோதனை எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்பதையே அது மாற்றிவிடுகிறது. என் பார்வையில், எது முடியாது என்ற பட்டியல் அட்டவணைக்குப் பிறகு வரும் இடைஞ்சல் அல்ல. அட்டவணையே அதிலிருந்துதான் பிறக்க வேண்டும். அது ஏன், எப்படி என்பதைக் கொஞ்சம் எண்களோடு பார்ப்போம்.

முழு அட்டவணைக்கு இவ்வளவு மரியாதை வந்த கதை இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் தொடங்குகிறது. அங்கே 1919இல் வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் பிஷர், ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும் என்ற அன்றைய எண்ணத்தை 1926இல் எழுதிய கட்டுரையிலேயே எதிர்த்தார். எல்லாக் காரணிகளையும் ஒன்றாக மாற்றி எல்லாச் சேர்க்கைகளையும் செய்தால், ஒவ்வொரு பாத்தியும் ஒவ்வொரு காரணிக்கும் பயன்படும். எட்டுப் பாத்திகளில் நீரின் விளைவை நான்குக்கு நான்காக ஒப்பிடலாம். அதே எட்டில் பசளையையும் நான்குக்கு நான்காக ஒப்பிடலாம், இனத்தையும் அப்படியே. ஒன்றின் கணக்கு மற்றதன் கணக்கைக் குழப்பாது. நீரும் பசளையும் சேரும்போது தனித்தனியாகச் செய்ததைவிடக் கூடுதலாக ஏதும் நடக்கிறதா என்ற இடைத்தாக்கமும் கையோடு கிடைக்கும். பிஷரோடு வேலை செய்த பிராங்க் யேற்ஸ் 1937இல் இதற்கான கணக்கு முறைகளைத் தொகுத்துத் தந்தார். கணினி இல்லாத காலத்தில் அந்தச் சமச்சீர்தான் கணக்கையே செய்ய முடிந்ததாக்கியது.

இப்போது ஒரு கட்டத்தை எடுத்துவிடுவோம். நீர், பசளை இரண்டையும் மட்டும் எடுத்து, குறைந்த மட்டத்துக்கு −1, கூடிய மட்டத்துக்கு +1 என்று வைப்போம். இரண்டும் கூடிய மட்டத்தில் இருக்கும் சேர்க்கை செய்ய முடியாதது. மிஞ்சுவது மூன்று கட்டங்கள். முழு அட்டவணையில் நீருக்கும் பசளைக்கும் இடையிலான இணைபு (ஒன்று மாறும்போது மற்றது எவ்வளவு சேர்ந்து மாறுகிறது என்ற அளவு) சரியாகப் பூச்சியம். மூன்று கட்டங்களில் அது −0.5 ஆகிவிடுகிறது. காகிதத்தில் இரண்டு நிமிடத்தில் போட்டுப் பார்க்கலாம். ஒன்று கூடும்போது மற்றது குறைய வேண்டிய கட்டாயம் அட்டவணைக்குள்ளேயே வந்துவிட்டது. இடைத்தாக்கத்தைக் கணக்கிடவே முடியாது, ஏனென்றால் இடைத்தாக்கம் வெளிப்படும் ஒரே கட்டம் எடுபட்டுப்போன கட்டம்தான்.

இதைவிடக் கவனிக்கப்படாத ஒன்று இருக்கிறது. அந்த மூன்று கட்டங்களில் "நீரின் விளைவு" என்று மென்பொருள் தரும் எண், பசளை குறைவாக இருக்கும்போது நீரைக் கூட்டினால் என்ன நடக்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. பசளை கூடுதலாக இருக்கும்போது நீர் என்ன செய்யும் என்பதைப் பரிசோதனை பார்க்கவே இல்லை. ஆனால் அறிக்கையில் வசனம் "நீர் கூட்டினால் விளைச்சல் கூடுகிறது" என்று பொதுவாகத்தான் வரும். வாசிப்பவர் அதைத் தன் தோட்டத்துக்கு, தன் பசளை அளவுக்குப் பொருத்திப் பார்ப்பார். அங்கேதான் தவறு நடக்கிறது.

இனத்தையும் சேர்த்து எட்டாக இருந்த அட்டவணை ஆறாகக் குறைந்தால், நல்ல காலம், இனத்தின் விளைவுக்கு ஒன்றும் ஆகாது. மற்ற இரண்டோடும் அதன் இணைபு பூச்சியமாகவே இருக்கும். ஆனால் பொது இடை, மூன்று முதன்மை விளைவுகள், இனத்தோடு நீருக்கும் பசளைக்கும் உள்ள இரண்டு இடைத்தாக்கங்கள் என்று ஆறு குணகங்களை (ஒவ்வொரு விளைவின் அளவையும் சொல்லும் எண்களை) கேட்டால், ஆறு பாத்திகளும் அதற்கே செலவாகிவிடும். வழுவை, அதாவது ஒரே மாதிரிப் பாத்திகளுக்கு இடையிலும் தற்செயலாக வரும் வித்தியாசத்தை, மதிப்பிட ஒன்றும் மிஞ்சாது. ஆர் (R) என்ற புள்ளிவிபர மென்பொருளில் நீர்–பசளை இடைத்தாக்கத்தையும் சேர்த்துக் கேட்டால், அந்த வரியில் எண்ணுக்குப் பதிலாக NA என்ற வெற்றுக் குறியீடு வரும். பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. அந்த வெற்றுக் குறிதான் முழு வெளியீட்டிலும் மிக நேர்மையான பகுதி.

காரணிக்கு மூன்று மட்டங்கள் வைத்தால் நிலைமை இவ்வளவு மோசமில்லை. ஒன்பது கட்டங்களில் ஒரு மூலையை எடுத்தால் இணைபு −0.23 அளவில் நிற்கும். இடைத்தாக்கத்தையும் மிச்ச எட்டிலிருந்து மதிப்பிடலாம். ஆனால் அந்த மதிப்பீடு மற்ற இடங்களில் கண்ட போக்கே மூலையிலும் தொடரும் என்று எடுத்துக்கொண்டதன் பலன்.

சரி, செய்ய முடியாது என்றால் என்ன அர்த்தம்? இதை எல்லாரும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறார்கள். காரணம் வேறுபட்டால் வைத்தியமும் வேறுபடும்.

சில சேர்க்கைகளுக்கு அர்த்தமே கிடையாது. நீர்ப்பாசன முறை ஒரு காரணி: வாய்க்கால் அல்லது சொட்டு நீர். சொட்டுக் குழாயில் துளைகளுக்கு இடைப்பட்ட தூரம் இன்னொரு காரணி: 20, 30, 40 சென்ரிமீற்றர். வாய்க்கால் வழியாக நீர் பாயும் பாத்தியில் துளைகளின் தூரம் என்று ஒன்று இல்லை. இதை இரண்டு காரணிகளாக எழுதியதே பிழை. வாய்க்கால், சொட்டு 20, சொட்டு 30, சொட்டு 40 என்று நான்கு மட்டமுள்ள ஒரே காரணியாக எழுதினால் தடை மறைந்துவிடும். வாய்க்காலுக்கு எதிராகச் சொட்டு மூன்றின் சராசரி, பிறகு அந்த மூன்றுக்குள் தூரத்தின் விளைவு என்று கேள்விகளைப் பகுப்பாய்வில் பிரித்துக் கேட்கலாம். தடை என்று சொல்லப்படுவதில் ஒரு நல்ல பங்கு இப்படிக் காரணிகளைச் சரியாகப் பெயரிடாததால் வருவது.

இன்னும் சில, செய்தால் பயிர் அழியும் என்று அனுபவம் சொல்பவை. ஒவ்வொரு நாளும் இறைத்து, மாட்டெருவையும் அளவுக்கு மீறிப் போட்டால் வெங்காயம் அழுகிப்போகும் என்று ஒருவர் சொல்லலாம். அவர் சொல்வது சரியாக இருக்கலாம். பத்து வருடத்துக்கு முன் ஒரு மாரியில் நடந்ததை வைத்தும் சொல்லலாம். இந்த வகையில் நான் உடனே தலையாட்ட மாட்டேன். ஒரு சின்னப் பாத்தியில், முன்னோட்டமாக, அந்த எல்லையைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. எல்லை உண்மையா, எங்கே இருக்கிறது என்பது தெரிந்தாலே பரிசோதனையின் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். பயிர் அழுகினால் அதுவும் ஒரு விடை. அதைத் தொலைந்துபோன தரவு என்று எழுதக்கூடாது.

மூன்றாவது வகை, செய்ய முடியும், ஆனால் செய்யக்கூடாது. யாழ்ப்பாணத்தில் இது வெறும் கோட்பாடு அல்ல. குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த அந்தக் கல்லுக்குள்தான் நம் கிணற்று நீரில் பெரும்பகுதி இருக்கிறது. வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் கிடையாது. வழுக்கியாறும் மாரிக்குத்தான். செம்மண்ணில் போடும் யூரியா நைத்திரேற்றாக மாறி, இறைத்த நீரோடு கீழே இறங்கி அதே கிணற்றுக்குப் போகிறது. வலிகாமத்தின் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டுவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் கூடிய யூரியா, கூடிய நீர் என்ற மூலைக் கட்டத்தைப் பக்கத்து வீட்டுக் குடிநீர்க் கிணற்றுக்கு அருகே ஒரு முழுப் போகத்துக்குச் செய்துபார்ப்பதை எந்தப் புள்ளிவிபர நன்மையும் நியாயப்படுத்தாது.

இந்த மூன்றாவது வகைக்குத்தான் நல்ல வைத்தியம் இருக்கிறது. நீரும் யூரியாவும் தொடர்ச்சியான அளவுகள். மூலையை வெட்டி எறியத் தேவையில்லை, உள்ளே இழுக்கலாம். +1, +1 என்ற மூலைக்குப் பதிலாக, மையத்துக்கும் மூலைக்கும் நடுவே +0.5, +0.5 என்ற புள்ளியில் ஒரு பாத்தி வைப்போம். இப்போது நான்கு புள்ளிகள் இருப்பதால் இடைத்தாக்கத்தை மதிப்பிட முடியும். விலை என்ன? ஒரு பாத்தியின் வழுவை ஓர் அலகு என்று வைத்தால், முழு மூலையோடு இடைத்தாக்க மதிப்பீட்டின் நிச்சயமின்மை, அதாவது நியம வழு, 0.5. பாதி இழுத்த மூலையோடு ஏறக்குறைய 0.68. முழுவதும் மையத்துக்கே இழுத்துவிட்டால் 1.22.

இதைப் பாத்திக் கணக்கில் சொன்னால் இன்னும் விளங்கும். பாதி இழுத்தால், பழைய துல்லியத்தைப் பெற ஏறக்குறைய 1.9 மடங்கு பாத்திகள் தேவை. மையம் வரை இழுத்தால் 6 மடங்கு. ஆகவே எல்லையை எவ்வளவு தூரம் உள்ளே தள்ளுகிறோம் என்பது காசும் நிலமும் சம்பந்தப்பட்ட கேள்வி. அளவுக்கு மீறிப் பயந்து உள்ளே தள்ளினால் பரிசோதனை ஒன்றையும் சொல்லாது. தோட்டக்காரரிடம் "முடியுமா, முடியாதா" என்று கேட்பதைவிட "எதுவரைக்கும் போகலாம்" என்று கேட்பது நல்லது என்பதற்கு இந்த 1.9க்கும் 6க்கும் உள்ள இடைவெளியே காரணம். இழுத்த மூலைக்குக் கீழே ஒரு அனுமானம் ஒளிந்திருப்பதையும் மறக்கக்கூடாது: புள்ளிகளுக்கு இடையே விளைச்சல் ஒரே சீராக மாறுகிறது என்று எடுத்துக்கொள்கிறோம். வளைவு இருக்கும் என்று சந்தேகம் இருந்தால் நடுவிலும் பாத்திகள் வேண்டும்.

தோட்டத்தை விட்டு அடுப்படிப் பக்கம் போனால், தடை இன்னும் சுவையான வடிவம் எடுக்கிறது. பனம் பொருட்களில் பிஸ்கட் செய்யும் ஒரு சிறு உற்பத்திக் கூடத்தை எடுத்துக்கொள்வோம். ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கின் மா), கோதுமை மா, உழுத்தம் மா மூன்றையும் கலந்து நல்ல கலவையைத் தேட வேண்டும். மூன்றும் சேர்ந்து 100 வீதம் ஆக வேண்டும் என்பதே முதல் தடை. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைத்தே ஆக வேண்டும், ஆகவே "ஒடியலை மட்டும் மாற்றிப் பார்" என்ற பேச்சுக்கே இடமில்லை. கலவைப் பரிசோதனைகளுக்கு ஹென்றி ஷெப்பே 1958இல் தந்த வடிவம் ஒரு முக்கோணம். மூன்று மூலைகளும் மூன்று சுத்த மாக்கள். ஆனால் சுத்த ஒடியல் மாவில் பிஸ்கட் பிடிக்காது. கோதுமையில் உள்ள பசைப்புரதம் அதில் இல்லை, கசப்பும் தூக்கும். சுத்தக் கோதுமை பிஸ்கட்டைச் செய்துபார்க்க நாங்கள் தேவையில்லை. சுத்த உழுந்தும் நாம் தேடுவதல்ல. முக்கோணத்தின் மூலைகள் மூன்றும் போய்விட்டன.

ஒடியல் 20 முதல் 50 வீதம், கோதுமை 40 முதல் 70, உழுந்து 5 முதல் 20 என்று எல்லை வைத்துக்கொள்வோம். இந்த எல்லைகளுக்குள் அடங்கும் பகுதி ஒரு அறுகோணம். அதன் முனைகளை ஒடியல், கோதுமை, உழுந்து என்ற வரிசையில் எழுதினால்: 20–70–10, 20–60–20, 40–40–20, 50–40–10, 50–45–5, 25–70–5. எல்லைக்குட்பட்ட கலவைகளுக்கு இப்படி முனைகளைக் கண்டுபிடித்து அங்கேயே பரிசோதிக்கலாம் என்று மக்லீனும் அண்டர்சனும் 1966இல் காட்டினார்கள். இரண்டு மாக்களை அவற்றின் எல்லையில் நிறுத்தி, மூன்றாவது தன் எல்லைக்குள் விழுகிறதா என்று பார்த்தால் போதும். காகிதமும் பேனையும் இருந்தால் முடிந்துவிடும் வேலை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மூன்று மாக்களுக்கான ஷெப்பேயின் இருபடிச் சமன்பாட்டில் ஆறு குணகங்கள்: மூன்று தனி மாக்களுக்கு, மூன்று சோடிகளுக்கு. முனைகளும் ஆறு. ஆறு அறியாக் கணியங்களுக்கு ஆறு சமன்பாடுகள், பொருந்திவிடும் என்றுதான் தோன்றும். பொருந்தாது. ஒவ்வொரு மாவுக்கும் கீழெல்லை ஒன்று, மேலெல்லை ஒன்று இருப்பதால் அறுகோணத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள் சமாந்தரமாக இருக்கின்றன. எதிர்ப்பக்கங்கள் சமாந்தரமான எந்த அறுகோணத்தின் ஆறு முனைகளும் ஒரே கூம்பு வளைவின் (வட்டம், நீள்வட்டம் போன்ற இருபடி வளைவின்) மீது கிடக்கும். 17ஆம் நூற்றாண்டில் பஸ்கால் கண்ட தேற்றத்தின் மறுதலை இது. நம் எண்களுக்கு அந்த வளைவு ஒரு நீள்வட்டம். ஒடியலில் இருந்து 20ஐக் கழித்து 5ஆல் வகுத்ததை முதல் எண் என்றும், கோதுமையில் இருந்து 40ஐக் கழித்து 5ஆல் வகுத்ததை இரண்டாம் எண் என்றும் வையுங்கள். இரண்டின் வர்க்கங்களையும் அவற்றின் பெருக்கத்தின் ஒன்றரை மடங்கையும் கூட்டி, கூட்டுத்தொகையின் பத்து மடங்கைக் கழித்து, 24ஐக் கூட்டினால், ஆறு முனைகளிலும் விடை பூச்சியம் வரும்.

அதாவது, ஆறு முனைகளிலும் பூச்சியமாக இருந்துகொண்டு, நடுவில் மட்டும் வேறு பெறுமானம் எடுக்கும் ஓர் இருபடிக் கோவை இருக்கிறது. அதை எந்த மடங்கில் சேர்த்தாலும் நம் ஆறு பிஸ்கட் தட்டுகளுக்கும் வித்தியாசம் தெரியாது. முனைகளில் மட்டும் சுட்டால், நடுவில் நல்ல கலவை இருக்கிறதா இல்லையா என்பதைத் தரவு சொல்லவே முடியாது. நாம் தேடுவதோ பெரும்பாலும் நடுவில்தான் இருக்கும்! மையத்தில் ஒரு தட்டு (ஏறக்குறைய 34–54–12) சேர்த்தால் போதும், முடிச்சு அவிழ்ந்துவிடும்.

நானாக இருந்தால் இன்னும் கொஞ்சம் சேர்ப்பேன். ஆறு முனைகளில் இரண்டு சோடிகள் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கின்றன. நீண்ட பக்கங்கள் இரண்டுதான், உழுந்து 5 வீதத்திலும் 20 வீதத்திலும் இருப்பவை. அவற்றின் நடுப்புள்ளிகளில் ஒவ்வொரு தட்டு, மையத்தில் மூன்று தட்டுகள், முனைகளில் ஆறு. மொத்தம் பதினொன்று. ஆறு குணகங்கள் போக ஐந்து மிச்சம். இப்படி மிஞ்சும் எண்ணிக்கையைச் சுயாதீனப் படிகள் என்பார்கள். அவற்றில் இரண்டு, ஒரே கலவையைத் திரும்பச் சுடும்போது வரும் இயல்பான வழுவை அளக்கும். மூன்று, இருபடிச் சமன்பாடு உண்மையில் பொருந்துகிறதா என்று பரிசோதிக்கும். ஒரு நாள் அடுப்பில் முடிக்கக்கூடிய வேலை. சுடும் வரிசையை மட்டும் எழுமாறாக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அடுப்பு சூடேறும் விளைவு ஒடியலின் விளைவாக வேஷம் போடும்.

காரணிகள் மூன்றுக்கு மேல் போய், தடைகளும் நாலைந்து ஆனால், படம் வரைந்து முனை தேட முடியாது. அப்போது கணினியிடம் போக வேண்டும். கேள்வியைத் திருப்பிப் போடுவதுதான் அங்கே யோசனை: செய்யக்கூடிய சேர்க்கைகள் எல்லாவற்றையும் முதலில் பட்டியலிடு, அந்தப் பட்டியலுக்குள் எந்தப் பன்னிரண்டைச் செய்தால் குணகங்கள் மிகத் துல்லியமாக வரும் என்று தேடு. இந்த எண்ணத்தின் வேர் பழையது. டென்மார்க்கைச் சேர்ந்த கிர்ஸ்டினே ஸ்மித், லண்டனில் கார்ல் பியர்சனின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தபோது, ஒரு வளைவைப் பொருத்த அளவீடுகளை எங்கே எடுப்பது மிக நல்லது என்ற கேள்விக்கு 1918இலேயே விடை எழுதினார். பிஷர் ரொதம்ஸ்டெட்டுக்குப் போவதற்கும் முன்பு. பலகாலம் அதை யாரும் பெரிதாகத் தொடரவில்லை. 1950களின் இறுதியில் ஜக் கீபர் அதைக் கணித ரீதியாக நிலைநிறுத்தினார்.

டி-உகப்பு என்று சொல்லப்படும் அளவுகோல்தான் அதிகம் பயன்படுவது. வடிவமைப்பிலிருந்து கட்டப்படும் தகவல் அணி என்ற எண் அட்டவணையின் துணிகோவையை (அந்த அட்டவணையிலிருந்து கணக்கிடும் ஒற்றை எண்ணை) மிகப் பெரிதாக்க வேண்டும் என்பது அதன் விதி. துணிகோவை பெரிதாகப் பெரிதாக, எல்லாக் குணகங்களுக்கும் சேர்ந்த நிச்சயமின்மையின் பரப்பு சுருங்கும். அறுகோணத்தின் ஆறு முனைகளை மட்டும் கொடுத்தால் இந்தத் துணிகோவை பூச்சியமாக வந்து, பிழையை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். அதற்காகவாவது பரிசோதனை தொடங்கும் முன் இதை ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கலாம். 60 சேர்க்கைகளில் இருந்து 12ஐத் தெரிவு செய்யும் வழிகள் ஏறக்குறைய 1.4 இலட்சம் கோடி என்பதால், கணினியும் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. ஏதோ பன்னிரண்டில் தொடங்கி, ஒன்றை வெளியே எடுத்து இன்னொன்றை உள்ளே விட்டு, துணிகோவை கூடுகிறதா என்று பார்த்துக்கொண்டே போகும். பெதரோவ் 1972இலும், மிச்சல் 1974இலும் இந்த மாற்றல் முறைகளைத் தந்தார்கள். மேயரும் நாக்ட்ஸைமும் 1995இல் தந்த முறை பட்டியலே இல்லாமல் ஒவ்வொரு புள்ளியிலும் ஒவ்வொரு காரணியின் அளவையும் தனியாக மாற்றிப் பார்க்கிறது. இலவசமாகக் கிடைக்கும் ஆர் மென்பொருளில் இவற்றுக்கான பொதிகள் உள்ளன, பணம் கட்டத் தேவையில்லை.

ஆனால் கணினி தந்தது என்பதற்காக அப்படியே எடுத்துக்கொள்வது எனக்குப் பிடிக்காது. உகப்பு என்பது நாம் எழுதிக் கொடுத்த சமன்பாட்டுக்குத்தான். நேர்கோட்டுச் சமன்பாட்டைக் கொடுத்தால் அது எல்லாப் புள்ளிகளையும் ஓரங்களுக்குத் தள்ளி, நடுவில் ஒன்றையும் வைக்காது. உலகம் வளைந்திருந்தால் அந்த வடிவமைப்புக்குத் தெரியவே வராது. இன்னொன்று, தடையின் விளிம்பிலேயே புள்ளிகளை வைப்பது அதன் சுபாவம். தோட்டக்காரர் இதற்கு மேல் போனால் ஆபத்து என்று சொன்ன கோட்டின் மேலேயே நான்கு பாத்திகள் வந்து நிற்கும். எல்லையைச் சொல்லும்போது பாதுகாப்புக்கு ஒரு விரற்கடை இடம் விட்டுச் சொல்வது அதனால்தான் அவசியம். குணகங்களைவிட நல்ல கலவை எது என்று முன்கணிப்பதே நோக்கமென்றால், முன்கணிப்பின் சராசரி வழுவைக் குறைக்கும் ஐ-உகப்பு பொருத்தமானது. ஒடியல் பிஸ்கட்டுக்கு நான் அதையே எடுப்பேன்.

சேர்க்கையில் தடை இல்லாமல், அவற்றைப் பாத்திகளுக்கு ஒதுக்கும் விதத்தில் தடை இருக்கும் இடங்களும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். நீரை நாளுக்கு நாள் இறைப்பது, நான்கு நாளைக்கு ஒருமுறை இறைப்பது என்று இரண்டு மட்டம், நான்கு இனம் என்று வைப்போம். எட்டுச் சேர்க்கையும் செய்யக்கூடியவைதான். ஆனால் அடுத்தடுத்த பாத்திகளில் வேறுவேறு இடைவெளியில் இறைத்தால் ஒன்றின் நீர் மற்றதற்குக் கசியும். ஆகவே பெரிய துண்டுகளுக்கு நீரை ஒதுக்கி, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் நான்கு இனங்களை நடுவோம். மூன்று தொகுதிகளில் (முழு அமைப்பும் ஒருமுறை அடங்கும் நிலப்பகுதிகளில்) செய்தால் 24 பாத்திகள், ஆனால் நீரைப் பொறுத்தவரை ஆறு துண்டுகள்தான். நீரின் விளைவைப் பார்க்கும் வழுவுக்கு 2 சுயாதீனப் படிகளே உண்டு. இனத்துக்கு 12. இதைக் கவனிக்காமல் 24ஐயும் தனித்தனிப் பாத்திகள் என்று போட்டால் 14 படிகள் இருப்பதாகக் கணினி நம்பும். விளைவு தற்செயல் அல்ல என்று சொல்ல, ஐந்து வீத மட்டத்தில் தாண்ட வேண்டிய t எண் 4.30 என்பதற்குப் பதிலாக 2.14 ஆகிவிடும். இல்லாத விளைவு இருப்பதாகத் தெரிவது இங்கேதான் அதிகம்.

போகத்தின் நடுவே தடை வந்து விழுவதும் உண்டு. 2021 மே மாதத்தில் இலங்கை அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது. நவம்பரில் தளர்த்தியது. யூரியாவை மூன்று மட்டத்தில் திட்டமிட்டு, பாதி செய்து முடித்த எவருக்கும் மிச்சப் பாதி ஒரு நாளில் செய்ய முடியாததாகியிருக்கும். அப்படி வரும்போது செய்ததைக் கைவிடத் தேவையில்லை. முடிந்த பாத்திகளை அப்படியே நிலையாக வைத்து, இனிச் செய்யக்கூடிய சேர்க்கைகளில் இருந்து எவற்றைக் கூட்டினால் துணிகோவை அதிகம் வளரும் என்று அதே முறையில் தேடலாம். முதற்பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் இடையே காலநிலை மாறியிருக்கும் என்பதால் அதற்கு ஒரு தொகுதிக் குணகம் கட்டாயம் வேண்டும்.

மென்பொருள் பரிசோதனையில் வேலை செய்பவர்களுக்கும் இதே தலையிடி வேறு உடையில் வருகிறது. கொடுப்பனவு முறை, சாதனம், மொழி, விநியோக நாடு என்று காரணிகள். வெளிநாட்டு முகவரிக்குப் பொருள் கையில் கிடைத்த பின் காசு கொடுக்கும் முறை இல்லை என்பது தடை. அவர்கள் குணகங்களைத் தேடுவதில்லை, எந்த இரண்டு மட்டங்களும் ஒரு முறையாவது சேர்ந்து வர வேண்டும் என்பதே அவர்களின் தேவை. அங்கேயும் தடைசெய்த சோடியைக் கொண்ட வரியை வெறுமனே வெட்டினால், அந்த வரியில் மட்டும் வந்திருந்த நல்ல சோடிகளும் கூடவே போய்விடும். தடையை முதலில் கொடுத்துப் பட்டியலை உருவாக்கச் செய்ய வேண்டும்.

கடைசியாக, வெற்றுக் கட்டத்தை நிரப்பும் பழக்கம் பற்றி. மாடு மேய்ந்துபோன பாத்திக்கும், வடிவமைப்பிலேயே இல்லாத கட்டத்துக்கும் வித்தியாசம் உண்டு. முதலாவதற்கு யேற்ஸ் 1933இலேயே சூத்திரம் தந்தார். அந்த எண் கணக்கைச் சமப்படுத்துவதற்கு மட்டும்தான், புதிய தகவல் எதையும் அது கொண்டுவராது, வழுவின் சுயாதீனப் படியில் ஒன்றையும் கழிக்க வேண்டும். இரண்டாவதற்கு எந்தச் சூத்திரமும் கிடையாது. அறிக்கையில் விளைச்சல் வரைபடத்தைப் போடும்போது, மென்பொருள் சதுரம் முழுவதையும் நிறம் தீட்டித் தரும், செய்யாத மூலையையும் சேர்த்து. அந்த மூலையை வெள்ளையாக விட்டு, எல்லைக் கோட்டையும் வரைந்து, அது அழுகலுக்காக வைத்த எல்லையா கிணற்றுக்காக வைத்ததா என்று ஒரு வரி எழுதிவிட்டால், அடுத்த போகத்தில் இதைத் தொடர்பவர் எந்தக் கோட்டைத் தொட்டுப் பார்க்கலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொண்டு தொடங்கலாம்.